ஆரவாரத்தின் நடுவே ஒரு விடைபெறல்

பதவியை ஏற்பது எளிது. ஏற்ற பதவியை உரிய வேளையில் துறப்பதே அரிது. அதனினும் அரியது ஒன்றுண்டு. நம் அன்புக்குரிய தலைவர் ஒருவர், "இனி என்னால் இயலாது, விடை கொடுங்கள்" என்று கேட்கும்போது, முகம் கோணாமல் விடைகொடுப்பதே அது. இவ்வுண்மையை விளக்க இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் நகரத்துக் கால்பந்தாட்ட வரலாற்றைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம். ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்நகரத்துக் குழுவின் மேலாளர்கள் மூவர் தாமாகவே பதவி விலகி, நகரையே கலங்கச் செய்தனர். (அந்நாட்டில் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என்றே அழைப்பது வழக்கம்.) அம்மூவரின் கதையையும், அவர்களை நேசித்த மக்களின் கதையையும் சற்றே காண்போம்.

துறைமுக நகரின் துடிப்பு

லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். கப்பல் துறைகளிலும் ஆலைகளிலும் வியர்வை சிந்தி உழைத்தவர்களின் ஊர். பஞ்சத்தால் வாடி அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல்லாயிரம் அங்கே வேரூன்றின. வாரமெல்லாம் உழைத்த அம்மக்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டமே திருவிழா. தந்தையின் தோளில் அமர்ந்து ஆட்டம் பார்த்த மகன், பின்னாளில் தன் மகனைத் தோளில் சுமந்துகொண்டு அதே இடத்திற்கு வருவான்.

குழுவின் தாயகமான ஆன்பீல்டு அரங்கின் ஒரு பக்கத்து மேடைக்கு 'காப்' என்று பெயர். 1900ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது 'ஸ்பையன் காப்' என்னும் குன்றில் லிவர்பூல் வட்டாரத்து வீரர் பலர் மடிந்தனர். 1906இல் கட்டப்பட்ட அம்மேடைக்கு அக்குன்றின் பெயரே வழங்கலாயிற்று. அங்கே தோளோடு தோள் உரசி நின்று, கழுத்தில் சிவப்புத் துணிப்பட்டை அணிந்து, ஒரே குரலில் பாடும் இரசிகர் கூட்டமே இக்கதையின் மற்றொரு நாயகன்.

சுரங்கத்திலிருந்து வந்தவர்

பில் ஷாங்க்லி 1913ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்னும் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பம். பதினான்கு வயதிலேயே சுரங்க வேலைக்குச் சென்றார். உடன்பிறந்த ஆண்கள் ஐவருமே கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். 1959 டிசம்பரில் அவர் லிவர்பூலின் மேலாளராகப் பொறுப்பேற்றபோது, குழு இரண்டாம் பிரிவில் சோர்ந்து கிடந்தது. 1962இல் அதை முதற்பிரிவுக்கு உயர்த்தினார். 1964, 1966, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நாட்டின் வாகையர் பட்டம் அவர் குழுவுக்கே வந்தது. 1965இல் சங்கக் கிண்ணத்தை அக்குழு முதன்முறையாக வென்றது.

ஆயினும் மக்கள் அவரை நேசித்தது வெற்றிகளுக்காக மட்டுமன்று. தமக்குக் கடிதம் எழுதும் இரசிகர்களுக்குத் தாமே தட்டச்சுப் பொறியில் மறுமொழி அடித்து அனுப்புவார். நுழைவுச்சீட்டு கிடைக்காமல் தவித்தவர்களுக்குத் தேடிப் பெற்றுத் தருவார். தெருவில் பந்தாடும் சிறுவர்களோடு தாமும் சேர்ந்து ஆடுவார். 1973இல் வாகையர் பட்டம் வென்ற நாளன்று, காப் மேடையிலிருந்து இரசிகர் ஒருவர் அன்பு மிகுதியால் தம் சிவப்புத் துணிப்பட்டையை அவரை நோக்கி வீசினார். கீழே விழுந்த அதைக் காவலர் ஒருவர் ஒதுக்கித் தள்ளினார். உடனே ஷாங்க்லி அதைக் குனிந்து எடுத்துத் தம் கழுத்தில் அணிந்துகொண்டு, அது யாரோ ஒருவருடைய உயிராக இருக்கலாம் என்று அக்காவலரைக் கடிந்துகொண்டார். ஏழையின் அன்பளிப்பை மதிக்கத் தெரிந்த உள்ளம் அது.

1974 மே 4 அன்று வெம்பிளி அரங்கில் நியூகாசில் குழுவை மூன்றுக்குச் சுழி என்ற கணக்கில் வென்று, லிவர்பூல் மீண்டும் சங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. நகரமே மகிழ்ச்சிக் கடலில் மூழ்கியது. அதன்பின் பத்து வாரங்கள் கழித்து, ஜூலை 12ஆம் நாள், ஷாங்க்லி பதவி விலகுவதாக அறிவிப்பு வெளியாயிற்று.

நம்ப மறுத்த நகரம்

அன்று லிவர்பூல் தெருக்களில் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் ஒலிவாங்கியோடு நின்று செய்தியைச் சொன்னபோது, சிறுவர்கள் அதை நம்பவேயில்லை. பொய் சொல்லித் தங்களை ஏய்ப்பதாகவே எண்ணினர். குழுவின் அலுவலகத் தொலைபேசிகள் ஓயாது ஒலித்தன. அவர் திரும்பி வராவிடில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஆலைத் தொழிலாளர்கள் மிரட்டியதாகவும் அந்நாளைய செய்திகள் கூறின. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் கண்டிருக்கிறோம். ஒரு மனிதர் ஓய்வு பெறக்கூடாது என்பதற்காக வேலைநிறுத்தமா? அன்பு அளவு கடந்தால் உரிமைக் குரலாக மாறிவிடுகிறது.

அவர் ஏன் விலகினார்? களைத்துப் போனதாக அவரே சொன்னார். அறுபது வயதாகியிருந்தது. ஆண்டாண்டுக் காலமாக அவருடைய மனைவி நெஸ்ஸி அம்மையார், ஆட்டக் களத்திற்குத் தாரை வார்க்கப்பட்ட கணவருக்காகக் காத்திருந்தார். ஆயினும் விலகல் கடிதத்தோடு தலைவரைக் காணச் சென்றது கொலைத்தண்டனை நாற்காலியை நோக்கி நடந்தது போலிருந்தது என்று அவர் பின்னர் நினைவு கூர்ந்தார்.

விலகிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. காலை எழுந்தால் கால்கள் தாமாகவே மெல்வுட் பயிற்சித் திடலை நோக்கி நடந்தன. ஆட்டக்காரர்கள் பழைய வழக்கப்படி அவரையே 'தலைவரே' என்று அழைத்தனர். புதிய மேலாளர் பாப் பெய்ஸ்லியோ பொறுப்பேற்கத் தயங்கித் தயங்கி வந்தவர், அடக்கமே உருவானவர். ஓர் உறையில் இரு வாள்கள் இருக்க இயலுமா? பழையவரின் வருகை இங்கு இடையூறு என்னும் குறிப்பு மெல்ல மெல்ல அவருக்கு உணர்த்தப்பட்டது. தாம் வளர்த்த இல்லத்தின் கதவு தமக்கே சாத்தப்பட்டதாக அவர் உள்ளம் நொந்தார். பக்கத்து வைரிக் குழுவான எவர்ட்டனின் பயிற்சித் திடலில் தமக்குக் கிடைத்த வரவேற்பு அதைவிட இனிமையாயிருந்ததாகவும் அவர் சொன்னதுண்டு.

ஆனால் மக்கள் கதவைச் சாத்தவில்லை. 1975இல் ஒருநாள் அவர் பெருமக்களுக்குரிய இருக்கையை நாடாமல், காப் மேடையில் இரசிகர்களோடு இரசிகராக நின்று ஆட்டம் பார்த்தார். கூட்டம் அவரைத் தன் நடுவே ஏற்றுக்கொண்டது. 1981 செப்டம்பர் 29 அன்று அவர் மறைந்தபோது, அவருடைய சாம்பல் ஆன்பீல்டு திடலில், அந்தக் காப் மேடைப் பக்கமே தூவப்பட்டது. 1997இல் நிறுவப்பட்ட அவரது சிலையின் பீடத்தில், மக்களை மகிழ்வித்தவர் என்னும் பொருள்படும் வரி பொறிக்கப்பட்டுள்ளது.

பெய்ஸ்லியின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மக்கள் ஐயத்தோடு நோக்கிய அம்மனிதர் ஒன்பது ஆண்டுகளில் ஆறு முறை நாட்டின் வாகையர் பட்டத்தையும், மூன்று முறை ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்று காட்டினார்.

துண்டிக்கப்பட்ட ஒரு கூற்று

கால்பந்தாட்டம் வாழ்வு சாவினும் பெரிது என்று ஷாங்க்லி சொன்னதாக உலகமெங்கும் மேற்கோள் காட்டுவர். ஆனால் 1981இல் தொலைக்காட்சியில் அவர் அதைச் சொன்ன சூழலை எத்தனை பேர் அறிவர்? ஆட்டத்திற்காகத் தம் குடும்பத்தைப் புறக்கணித்துவிட்டதாகவும், அதற்காகப் பெரிதும் வருந்துவதாகவும் சொன்னதோடு சேர்ந்தே அக்கூற்று வந்தது. வருத்தத்தை வெட்டியெறிந்துவிட்டு, வீர வசனத்தை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. தலைவர்களை நாம் போற்றும் முறையே பெரும்பாலும் இதுதானே!

துயரத்தைச் சுமந்தவர்

வாழ்வு சாவினும் எதுவும் பெரிதன்று என்பதை 1989 ஏப்ரல் 15ஆம் நாள் லிவர்பூல் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் அரையிறுதி ஆட்டத்தைக் காணச் சென்ற இரசிகர்கள் நெரிசலில் சிக்கினர். 97 உயிர்களை அவ்விபத்து பலிகொண்டது. அவருள் கடைசியானவர் 2021இல்தான் இறந்தார். இரசிகர்கள்மீதே பழி சுமத்தப்பட்டது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்றும், இறந்தோர் சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும் விசாரணை நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்று குழுவின் மேலாளர் கென்னி டால்கிளீஷ். மறுநாள் ஞாயிறு மாலை லிவர்பூல் கத்தோலிக்கப் பேராலயத்தில் பேராயர் டெரிக் வோர்லாக் இறந்தோருக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். உள்ளே இடமின்றி ஆயிரக்கணக்கானோர் வெளிப் படிக்கட்டுகளில் நின்றனர். குழுவின் இலக்குக் காவலர் புரூஸ் குரோபெலார் வாசகம் வாசித்தார். ஆன்பீல்டு திடல் மலர்களால் மூடப்பட்டது. ஆட்டக்காரர்களின் மனைவியர் துயருற்ற குடும்பங்களுக்குத் தேநீர் தந்து அருகிருந்து தேற்றினர். டால்கிளீஷும் அவர் துணைவியார் மரீனாவும் அடக்கச் சடங்குகளுக்கு ஓயாமல் சென்றனர். ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குச் சென்றதும் உண்டு.

பிறர் துயரைச் சுமந்தவர் தம் துயரை யாரிடம் இறக்கி வைப்பார்? ஈராண்டுகள் கழிந்தன. 1991 பிப்ரவரி 20 அன்று எவர்ட்டனோடு நடந்த ஆட்டத்தில் லிவர்பூல் நான்கு முறை முந்தியது. நான்கு முறையும் எதிரணி சமன் செய்தது. செய்ய வேண்டிய மாற்றம் கண்முன் தெரிந்தும், அதைச் செய்ய மனம் துணியவில்லை என்று அவர் பின்னர் எழுதினார். இரண்டு நாள் கழித்துப் பதவி விலகினார். அப்போது அவருக்கு வயது 39. குழுவோ பட்டியலில் முதலிடத்தில் இருந்தது!

நகரம் மீண்டும் திகைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் பிளாக்பர்ன் குழுவின் பொறுப்பை ஏற்றபோது, திகைப்பு சிலர் உள்ளத்தில் கசப்பாகவும் மாறியது. ஓய்வு வேண்டும் என்றவர் வேறிடம் செல்வதா என்று கேட்டனர். உடைந்த எலும்பைக் காட்டினால் உலகம் நம்பும். உடைந்த மனத்தை எப்படிக் காட்டுவது?

ஆனால் 1995 மே 14 அன்று ஓர் அரிய காட்சி அரங்கேறியது. பருவத்தின் இறுதி நாளில் டால்கிளீஷின் பிளாக்பர்ன் ஆன்பீல்டுக்கே வந்து ஆடியது. லிவர்பூல் 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆயினும் வேறிடத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வெற்றி பெறத் தவறியதால், வாகையர் பட்டம் பிளாக்பர்னுக்கே கிட்டியது. எதிரணியின் மகிழ்ச்சியில் ஆன்பீல்டு மக்களும் பங்குகொண்டு, தங்கள் பழைய தலைவரைக் கைதட்டி வாழ்த்தினர். 2011இல் அவரையே மீண்டும் மேலாளராகவும் வரவேற்றனர்.

வழிவிட்டுச் சென்றவர்

மூன்றாமவர் செர்மானியர் யூர்கன் கிளாப். 2015 அக்டோபரில் வந்தவர். 2019இல் ஐரோப்பிய வாகையர் கிண்ணத்தையும், 2020இல், முப்பது ஆண்டுகளுக்குப் பின், நாட்டின் வாகையர் பட்டத்தையும் ஈட்டித் தந்தவர். 2024 சனவரி 26 அன்று, அப்பருவத்தின் முடிவில் விலகுவதாகவும், தம் ஆற்றல் குறைந்து வருவதாகவும் வெளிப்படையாக அறிவித்தார்.

இம்முறையும் மக்கள் அழுதனர். ஆனால் வேலைநிறுத்த மிரட்டல் எழவில்லை. நான்கு மாதக் கால இடைவெளி அவர்களுக்குத் துயரை ஆற்றிக்கொள்ள வாய்ப்பளித்தது. பதாகைகளில் அவருடைய தாய்மொழியிலேயே நன்றி எழுதினர். மே 19 அன்று இறுதி ஆட்டம் முடிந்ததும், திடலின் நடுவில் நின்ற கிளாப் தம்மைப் பற்றிய பாடலைக் கேட்டு நிற்கவில்லை. அடுத்து வரவிருந்த ஆர்னே ஸ்லாட்டின் பெயரைத் தாமே பாடி, மக்களையும் பாட வைத்தார். முன்னவரின் புகழ் நிழலில் வாட வேண்டியிருந்த பின்னவருக்கு இதைவிடப் பெரிய கொடை எது? 2025 ஏப்ரல் 27 அன்று ஸ்லாட்டின் குழு வாகையர் பட்டத்தை வென்றது. அந்த வெற்றிக் களிப்பின் நடுவே ஸ்லாட் ஒலிவாங்கியைக் கையிலெடுத்து, கிளாப்பின் பெயரைப் பாடினார்.

நமக்கும் ஒரு சொல்

அன்பு வாசகர்களே! இவர்கள் பந்தாட்டக் குழுவின் மேலாளர்கள்தாமே என்று தள்ளிவிட வேண்டாம். முப்பது ஆண்டுகள் பள்ளியிலோ அலுவலகத்திலோ உழைத்து ஓய்வு பெற்றபின், பழைய பழக்கத்தால் அதே வாசலை நாடிச் செல்லும் தந்தையர் நம் வீடுகளில் இல்லையா? பொறுப்பை மருமகளிடம் ஒப்படைத்த பின்னும் அடுக்களையை விட மனமின்றித் தவிக்கும் தாய்மார் இல்லையா? அவர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு நல்ல சொல்லும் என்றும் காத்திருக்கட்டும். வருபவருக்குக் குறுக்கே நில்லாமல் வாழ்த்தி வழிவிட, அவர்களும் பழகிக்கொள்ளட்டும்.

"களைத்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அதை நம்புவதே நாம் அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. நமக்காக ஓடி ஓடி உழைத்தவருக்கு வீடு என்று ஒன்று உண்டு. அங்கே அவருக்காகக் காத்திருக்கும் மனைவி மக்களும் உண்டு. அவர்களிடமிருந்து நாம் இரவல் வாங்கிய மனிதரை நன்றியோடு திருப்பித் தருவதற்குப் பெயர்தான் விடைகொடுத்தல்.