சீனாவின் குடும்பப் பதிவேடு

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நாம், ரேஷன் கார்டுக்காகவும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்காகவும் அலைந்த அனுபவம் உடையவர்களே. ஆயினும் ரயிலேறி வருவதற்கு நாம் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. நாட்டின் எப்பகுதியிலும் குடியமரும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு நமக்கு அளித்திருக்கிறது. சீன மக்களுக்கு இவ்வுரிமை எவ்வாறு கைநழுவிற்று என்பதை அறிந்தால், அந்நாட்டின் இன்றைய நிலையில் புரியாதிருக்கும் பல செய்திகள் புலனாகும்.

1954-இல் சீனா வகுத்துக்கொண்ட அரசியலமைப்பு, குடிபெயரும் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டே இருந்தது. நான்கே ஆண்டுகளில், 1958 ஜனவரியில், குடும்பப் பதிவு விதிகள் பிறந்தன. 1975-இன் அரசியலமைப்பில் அவ்வுரிமை அடியோடு நீக்கப்பட்டது. 1982-இல் இயற்றப்பெற்று இன்று வழங்கும் அரசியலமைப்பிலும் அது திரும்பி வரவில்லை.

இப்பதிவேட்டைச் சீனர் 'ஹூகோ' என்பர். 'ஹூ' என்றால் வீடு. 'கோ' என்றால் வாய். பொருத்தமான பெயர்தான், ஏனெனில் அதன் பிடி முதலில் உணவின்மீதே இருந்தது. மக்கள் உழவர் குடும்பம், உழவரல்லாத குடும்பம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். நகரத்தாருக்கு அரசாங்கம் தானியச் சீட்டு வழங்கிற்று. கிராமத்தாரோ கம்யூனில் உழைத்து, அங்கேயே பங்கு பெற வேண்டும். அனுமதியின்றி நகரம் சேர்ந்தவருக்குச் சீட்டில்லை. சீட்டின்றி அரிசி வாங்க இயலாது. 1959 முதல் 1961 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தாரே.

1978-க்குப் பின் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. 1980-இல் ஷென்ஜென் தனிப் பொருளாதார மண்டலமாயிற்று. ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். கிராமத்து இளைஞரும் பெண்களும் திரண்டு வந்தனர். ஆனால் அவர்தம் பதிவு மட்டும் கிராமத்திலேயே நின்றுவிட்டது. 1993-இல் தானியச் சீட்டு ஒழிந்தபோதிலும், தற்காலிக வசிப்புச் சீட்டு இல்லாதவரைப் பிடித்து ஊருக்கு அனுப்பும் வழக்கம் நீடித்தது. 2003-இல் குவாங்ஜோ நகரில் அவ்வாறு பிடிக்கப்பட்ட ஓர் இளைஞர் காவலில் அடியுண்டு இறந்தார். பத்திரிகைகள் அதனை வெளிப்படுத்தின. சில மாதங்களுக்குள் அவ்விதி நீக்கப்பட்டது.

2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கிராமப் பதிவுடன் பிற தொழில் செய்வோர் ஏறக்குறைய 30 கோடிப் பேர். அவர்களுள் 17 கோடிக்கு மேற்பட்டோர் வெளியூரில் உழைப்பவர்.

இம்முறையின் முழுச் சுமையும் குழந்தைகள்மீது விழுகிறது. பிறந்த இடம் ஷாங்காய் ஆயினும், பெற்றோரின் பதிவே பிள்ளையின் பதிவு. 1998 வரை தாயின் பதிவு மட்டுமே பிள்ளையைச் சேரும்; தந்தை நகரத்தாராயினும் பயனில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்திலேயே எழுத வேண்டும். ஆதலின் நடுநிலைப் பள்ளிப் பருவத்திலோ, அதற்கும் முன்னரோ, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் அனுப்பப்படுகின்றனர். தாயையோ தந்தையையோ இருவரையுமோ பிரிந்து கிராமத்தில் வளர்ந்த குழந்தைகள் ஆறு கோடிக்கும் அதிகம் என 2010-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பைக் கொண்டு மதிப்பிட்டனர். கல்லூரி இடங்களுக்கு நம்மிடமும் இருப்பிடச் சான்று கேட்பதுண்டு. ஆயினும் அதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை ஊருக்கு அனுப்பியவர் நம்மில் எத்தனை பேர்?

நாளை நோயோ வேலையின்மையோ வந்தால் நகரம் தாங்காது என்பதை அறிந்த தொழிலாளி, கூலியில் பெரும்பகுதியைச் சேமிக்கிறான். சீனாவில் குடும்பங்களின் செலவு மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்களவே. இதற்குரிய காரணங்களுள் ஹூகோவும் ஒன்று. உள்நாட்டில் விலைபோகாத சரக்கு அயல்நாட்டுச் சந்தைகளைத் தேடுகிறது. அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் நம்மோடும் சீனாவுக்கு நேரும் வாணிபப் பூசல்களின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

2014-இல் உழவர், உழவரல்லாதார் என்ற பிரிவை ஒழிக்க அரசாங்கம் முடிவு செய்தது. சிறு நகரங்களில் பதிவு எளிதாயிற்று. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரங்களிலோ கட்டுப்பாடு தொடர்ந்தது. வேலை மிகுந்திருப்பதோ அப்பெருநகரங்களில். கிராமப் பதிவை விட்டால் நிலத்தின்மீதுள்ள உரிமையும் போய்விடுமோ என்று அஞ்சுவோரும் உளர். 2023-இன் முடிவில் நகரங்களில் வாழ்ந்தோர் நூற்றுக்கு 66 பேர்; நகரப் பதிவுடையோர் 48 பேரே. 2024 ஜூலையில் வெளியான ஐந்தாண்டுத் திட்டம், இந்த இடைவெளியைக் குறைத்து, குடியிருக்கும் இடத்திலேயே கல்வி முதலிய வசதிகளை அளிப்பதாகக் கூறுகிறது. அதற்காகும் செலவின் பெரும்பகுதியை நகராட்சிகளே ஏற்கவேண்டியிருக்கிறது.