தூக்கி எறிந்த பிரிண்டரின் 'டிரைவர்' இன்னும் கணினிக்குள்: பாதுகாப்பாக அகற்றுவது எப்படி?

ஜோகூர் பாரு – வீட்டிலிருந்த பழைய பிரிண்டர் பழுதாகி, குப்பைக்குப் போய் ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால், அதை இயக்குவதற்காகக் கணினியில் நிறுவப்பட்ட 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள் இன்னமும் உள்ளேயே இருக்கும்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, பிள்ளைகளின் இல்லிருப்புக் கற்றலுக்காகப் பிரிண்டரும் வெப்கேமும் வாங்கிய குடும்பங்கள் ஜோகூரிலும் பல. அதற்கு முன்பு யூஎஸ்பி பிராட்பேண்ட் மோடம், அதற்கும் முன்பு ஜாரிங், டிஎம்நெட் காலத்துத் தொலைபேசி மோடம். கருவிகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போய்விட்டன. அவற்றின் இயக்கிகள் பல கணினிகளில் அப்படியே தங்கிவிட்டன.

இதனால் என்ன ஆபத்து?

சாதாரண மென்பொருளுக்கு இல்லாத அதிகாரம் பல இயக்கிகளுக்கு உண்டு. இயங்குதளத்தின் மையப் பகுதியான 'கெர்னல்' வரை அவை செல்லக்கூடியவை. அவற்றில் ஓட்டை இருந்தால், கணினிக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட தீய மென்பொருள் அதைப் பயன்படுத்தி முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்றலாம். வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்த பிறகும் சாவி அவரிடமே இருப்பதைப் போன்றது இது.

இதற்கு அண்மைய உதாரணம் உண்டு. தொலைபேசி இணைப்பு வழி இணையம் பார்த்த காலத்தைச் சேர்ந்த 'அகீர்' மோடத்தின் இயக்கி, விண்டோசுடனேயே சேர்ந்து வந்து கொண்டிருந்தது. அதிலிருந்த ஓட்டையை ஊடுருவல்காரர்கள் பயன்படுத்தத் தொடங்கியது தெரியவந்ததும், 2025 அக்டோபர் 14ஆம் தேதி வெளியிட்ட புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்த இயக்கியையே நீக்கியது. மோடம் பயன்பாட்டில் இல்லாவிட்டாலும் ஆபத்து இருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

எனவே, முதல் வேலை விண்டோஸ் அப்டேட்டை முழுமையாக முடிப்பது. விண்டோசோடு வந்த இயக்கிகளை மைக்ரோசாஃப்ட் கவனித்துக் கொள்ளும். நாம் நிறுவியவற்றை நாம்தான் அகற்ற வேண்டும்.

வேகம் கூடுமா?

கூடாது என்றே எண்ணிக் கொள்ளலாம். இணைக்கப்படாத கருவியின் இயக்கி பெரும்பாலும் இயங்காமல் வட்டில் கிடக்கும். அதனால் கணினி மெதுவாவதில்லை. 'உங்கள் டிரைவர்கள் பழுதடைந்துள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள்' என்று திரையில் தோன்றும் விளம்பரங்களை நம்பி எந்த மென்பொருளையும் பதிவிறக்கம் செய்ய வேண்டாம். தேவையான வசதிகள் எல்லாம் விண்டோசிலேயே இலவசமாக உள்ளன.

அகற்றும் முறை

1. முக்கியமான படங்களையும் பிள்ளைகளின் பள்ளி வேலைகளையும் வேறொரு வட்டில் நகலெடுத்துக் கொள்ளவும். பிறகு, தேடல் கட்டத்தில் 'ரிஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்கவும். தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப இது உதவும்.

2. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' பட்டியலைத் திறக்கவும். பழைய பிரிண்டர் அல்லது மோடம் நிறுவனத்தின் மென்பொருள் அங்கே இருந்தால் முதலில் அதை நீக்கவும். பல வேளைகளில் இயக்கியும் அதனுடன் போய்விடும்.

3. 'ஸ்டார்ட்' பொத்தானை வலது சொடுக்கி 'டிவைஸ் மேனேஜர்' செல்லவும். மேலே 'வியூ' என்பதில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், இப்போது இணைக்கப்படாத கருவிகள் மங்கிய நிறத்தில் தெரியும்.

4. நிச்சயமாக வீட்டில் இல்லாத கருவியின் பெயரை வலது சொடுக்கி 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுக்கவும். டிரைவரையும் சேர்த்து நீக்கலாமா என்று கேட்கும் சிறு கட்டம் தோன்றினால் அதில் டிக் செய்யவும். டிக் செய்யாவிட்டால் கருவியின் பெயர் மட்டும் மறையும். இயக்கிக் கோப்பு உள்ளேயே இருக்கும்.

5. பிரிண்டராக இருந்தால், 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் உள்ள 'டிரைவர்ஸ்' பட்டியலையும் பார்க்கவும். அதே நிறுவனத்தின் வேறு பிரிண்டர் பயன்பாட்டில் இருந்தால், இரண்டுக்கும் ஒரே இயக்கியா என்று சரிபார்த்த பிறகே நீக்க வேண்டும்.

மங்கலாகத் தெரிவதெல்லாம் குப்பை அல்ல. 'சிஸ்டம் டிவைசஸ்' போன்ற பிரிவுகளில் உள்ளவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது. அவ்வப்போது மட்டும் இணைக்கும் பென்டிரைவ், திறன்பேசி ஆகியவையும் அப்படியே தெரியும். 'டிரைவர்ஸ்டோர்' கோப்புறைக்குள் சென்று கோப்புகளைக் கையால் அழிப்பதும் கூடாது.

எது முதலில் போக வேண்டும்?

'விண்டோஸ் செக்யூரிட்டி' செயலியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதில் 'கோர் ஐசோலேஷன்' என்று சென்றால் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி இருக்கும். தீய மென்பொருள் கெர்னலுக்குள் புகுவதைத் தடுக்க உதவுவது அது. பழைய இயக்கி ஒன்று பொருந்தாமல் இருந்தால், அந்த வசதியை இயக்க முடியாது. எந்த இயக்கி தடையாக உள்ளது என்பதை விண்டோசே பட்டியலிட்டுக் காட்டும். முதலில் அகற்ற வேண்டியது அதைத்தான். அந்தக் கருவி இன்னும் பயன்பாட்டில் இருந்தால், தயாரிப்பு நிறுவனத்தின் அகப்பக்கத்தில் புதிய இயக்கி உள்ளதா என்று பார்க்கலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு, அகீர் இயக்கி நீக்கப்பட்ட அதே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. அந்தக் கடைசிப் புதுப்பிப்பைக்கூடப் பெறாத கணினியில் அந்த இயக்கி இன்னும் இருக்கும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியும் பிள்ளைகள் விளையாடும் கணினியும் ஒன்றாகவே இருக்கும் வீடுகளில் இதை உடனே கவனிப்பது நல்லது. கணினி ஊடுருவப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தால், சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' உதவிச் சேவையில் புகார் செய்யலாம்.