அவிநாசிக்கு முன்னால் அன்னூர் வரலாமா?

அந்தியூர், அவிநாசி, அன்னூர் என்று எழுதினால் அது தமிழ் அகரவரிசை. மூன்று ஊர்ப் பெயர்களும் அகரத்தில் தொடங்கி, அடுத்த எழுத்தில் ந, வ, ன என்று பிரிகின்றன. நெடுங்கணக்கில் னகரம்தான் கடைசி மெய். தொல்காப்பியமும் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகளைச் சொல்கிறது. ஆகவே அன்னூர் கடைசியில் நிற்க வேண்டும். இதே பெயர்களைத் தமிழுக்கென எந்த ஏற்பாடும் செய்யாத ஒரு நூற்பட்டியல் மென்பொருளிடம் கொடுத்துப் பாருங்கள். அன்னூர் நடுவுக்கு வந்துவிடும், அவிநாசி கடைசிக்குப் போய்விடும். பர்கூர், பரமத்தி, பல்லடம், பவானி, பழனி என்ற வரிசையைக் கொடுத்தால் பரமத்தி, பர்கூர், பல்லடம், பழனி, பவானி என்று திரும்பி வரும். கொங்கு வரலாற்றை ஆராயும் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் முந்நூறு நூல்கள் கொண்ட துணைநூற்பட்டியல் இப்படிக் குலைந்து நின்றால், தேடிய நூல் பட்டியலிலேயே இல்லை என்றுதான் படிப்பவர் முடிவுசெய்வார்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். யுனிகோடில் ந என்பதற்கு 2984, ன என்பதற்கு 2985, வ என்பதற்கு 2997. வேறு விதி எதுவும் சொல்லாவிட்டால் சிறிய எண் முன்னால், பெரிய எண் பின்னால். அதனால்தான் அன்னூர் முந்துகிறது. புள்ளிக்கு 3021. அது எல்லா உயிர்மெய்க் குறிகளையும்விடப் பெரிய எண். ஆகவே தமிழ் அகராதியில் க, கா, கி எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய க், கௌவுக்கும் பின்னால் தள்ளப்படுகிறது. பர்கூர் பரமத்திக்குப் பின்னால் போனது இதனால்தான். இந்த எண்கள் தமிழை மட்டும் பார்த்து இடப்பட்டவை அல்ல. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அச்சில் அட்டவணை போட்ட இஸ்கி என்னும் இந்தியத் தரத்தை ஒட்டி 1991-ல் யுனிகோடின் முதல் பதிப்பு வந்தது. தேவநாகரியின் இடங்களுக்கு நேராகத் தமிழ் எழுத்துகள் வைக்கப்பட்டதால் நகரத்தை ஒட்டி னகரமும், ரகரத்தை ஒட்டி றகரமும், லகரத்தை ஒட்டி ளகர ழகரங்களும் உட்கார்ந்துகொண்டன.

அப்படியானால் எண்களைத் திருத்திவிட்டால் போதாதா? இது வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. இதற்கான முயற்சி நடந்திருக்கிறது, கோவைக்கும் அதில் பங்குண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது உடன் தமிழ் இணைய மாநாடும் கூடியது. அந்த ஜூன் மாதத்தில்தான் தமிழக அரசு யுனிகோடைத் தன் தரமாக ஏற்றது; யுனிகோடு இயங்காத இடங்களுக்கு மாற்றாக டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் அறிவித்தது. டேஸ்16-ல் ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனித்தனி எண் உண்டு. அவை நெடுங்கணக்கின் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. எண்ணைப் பார்த்து அடுக்கினாலே அகரவரிசை கிடைத்துவிடும். அதை வகுத்தவர்களின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனாலும் நூற்பட்டியலுக்கு அது தீர்வாகாது என்பதே என் கருத்து. அந்த எண்கள் யுனிகோடில் யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விடப்பட்ட தனிப்பகுதியில் இருப்பதால், வெளியுலக மென்பொருள்களுக்கு அவை தமிழ் என்றே தெரியாது. அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதைக் காண பின்லாந்து வரை போக வேண்டும்.

பின்னிஷ் மொழியில் 29 எழுத்துகள். ஆங்கில எழுத்துகளில் கடைசியான இசட்டுக்குப் பிறகு, தலையில் வளையம் வைத்த ஏ, இரு புள்ளி வைத்த ஏ, இரு புள்ளி வைத்த ஓ என்று மூன்று எழுத்துகள் வருகின்றன. இரு புள்ளி வைத்த அதே ஏ ஜெர்மன் மொழியிலும் இருக்கிறது. அங்கே அகராதியில் அது சாதாரண ஏயுடன் சேர்ந்து முதலிலேயே வந்துவிடும். எழுத்து ஒன்று, எண்ணும் ஒன்று. ஹெல்சிங்கியில் அதன் இடம் கடைசி, பெர்லினில் முதல். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இரண்டு மொழியையும் ஒருசேர நிறைவுசெய்ய முடியாது. பழைய பின்னிஷ் வழக்கில் வி என்ற எழுத்தையும் டபிள்யூவையும் ஒரே எழுத்தாகக் கருதிக் கலந்து அடுக்குவார்கள். புதிய வழக்கில் அவை தனித்தனி. ஒரே மொழிக்குள்ளேயே காலத்துக்குக் காலம் வரிசை மாறுகிறது என்றால், அதை எழுத்தின் எண்ணுக்குள் எப்படிப் பூட்டிவைக்க முடியும்? வரிசை என்பது மொழியின் விதி. எண் எழுத்தை அடையாளம் காட்டினால் போதும். விதியைத் தனியே சொல்ல வேண்டும்.

நூற்பட்டியல் மென்பொருள்கள் இந்தப் பாடத்தை மெல்லத்தான் கற்றன. 1985-ல் ஓரன் பட்டாஷ்னிக் எழுதிய பிப்டெக் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பிறந்தது. பிறகு வந்த பிப்டெக்8 ஒரு சிறு அமைப்புக் கோப்பை ஏற்றுக்கொண்டது: எந்தப் பெரிய எழுத்துக்கு எந்தச் சிறிய எழுத்து, எது எதற்குப் பின் வரவேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் அதன்படி அடுக்கும். பின்லாந்துக்காரர்களுக்கு அது போதும், ஏனெனில் அவர்களுடைய எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட்டில் அடங்கியது. ஆனால் அந்தக் கோப்பில் 256 இடங்கள்தான். யூடிஎஃப்-8 முறையில் சேமித்த தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு எடுத்துக்கொள்வதால், தமிழுக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. அதைத் திறந்தது பிபர். பிபர் பட்டியலைப் பைட்டாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும், சொன்ன மொழியின் விதிப்படி ஒரு வரிசைத் திறவுகோலைக் கணக்கிட்டு, அந்தத் திறவுகோல்களை ஒப்பிடுகிறது. க என்ற குறியும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஒரே உறுப்பாகக் கொண்டு கவுக்கு முந்திய இடத்தைத் தர அப்போதுதான் வழி பிறக்கிறது. பயனர் செய்யவேண்டியது இரண்டே வேலை: கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்பது, வரிசைக்குரிய மொழி தமிழ் என்று அமைப்பில் ஒரு வரி எழுதுவது. லிபர்ஆஃபிஸ் கால்க் விரிதாளில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கும் வரிசைப்படுத்தும் பெட்டியின் விருப்பத் தேர்வுகளில் மொழியைத் தெரிவுசெய்யும் இடம் இருக்கிறது. அதைத் தொடாமல் விடுபவர்களே அதிகம்.

விதி சரியாக இருந்தும் உள்ளே போகும் எழுத்து தவறாக இருந்தால் பயனில்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. அதில் அம்மா என்று திரையில் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அதை எந்தத் தமிழ் விதியாலும் அடுக்க முடியாது. முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். யுனிகோடுக்கு வந்தபிறகும் கொங்கு என்ற சொல்லிலேயே ஒரு பொறி காத்திருக்கிறது. கொ என்பதை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. விதி அறியாத மென்பொருள் இரண்டாம் வகைக் கொங்கைக் கெகர வரிசையின் கடைசியில் வைத்துவிடும். பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ அப்போது கேழ்வரகு, கைத்தறி பற்றிய நூல்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும். இதைப் பிபர் தானே சரிசெய்துகொள்ளும், இரண்டு வடிவமும் ஒன்றே என்று யுனிகோடு வரையறுத்திருப்பதால். ஆனால் கௌசிகா நதியைப் பற்றிய நூலில் கௌவுக்குப் பதிலாகக் கெ போட்டு அருகில் ளகரத்தைத் தட்டியிருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. அது பிழையான எழுத்து, கையால் திருத்தவேண்டியதுதான்.

தேடுபெட்டி இருக்கும் காலத்தில் வரிசைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். தேடுபெட்டி, தெரிந்த பெயரைத் தட்டுபவருக்கு உதவும். தெரியாததைக் காண உதவுவது வரிசை. மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘கலைக்களஞ்சியம்’ அகரவரிசையை நம்பியே நிற்கிறது. ஒரு கட்டுரையைத் தேடிப் போனவர் அடுத்த பக்கத்தில் இன்னொன்றைக் கண்டெடுப்பது அதனால்தான். அச்சில் வரும் ஆய்வேட்டுக்குத் தேடுபெட்டியும் கிடையாது. பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதி அடுக்கிவிடலாம் என்ற குறுக்குவழியும் சொல்லப்படுகிறது. அதில் நகரமும் னகரமும் ஒன்றாகிவிடும், ரகர றகரமும் அப்படியே. தமிழ் படிப்பவர் தமிழ் வரிசையில்தான் தேடுவார்.

வரிசை விதி தீர்க்காத ஒன்று ஆசிரியர் பெயர். மேலைநாட்டு வழக்கை ஒட்டி, இந்த மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. ‘நாகம்மாள்’ எழுதிய ஆர். சண்முகசுந்தரம் அதனால் சரியாகச் சகரத்தில் வருகிறார். கொங்கு வரலாறு எழுதிய சி. எம். ராமச்சந்திரன் செட்டியாரோ செட்டியார் என்ற சொல்லின் கீழ் போய்விடுகிறார். நாஞ்சில் நாடனை நாடன் என்று தேட வேண்டியிருக்கிறது. பிப்டெக் வழியில் முழுப் பெயரையும் நெளிவு அடைப்புக்குள் இட்டால் அது பிரியாது. பிபரோடு இணைந்து இயங்கும் பிப்லாடெக்கில், அச்சில் தெரியும் பெயர் ஒன்றும் அடுக்குவதற்கான பெயர் ஒன்றும் தனித்தனியே கொடுக்கலாம். ஜோட்டெரோ என்னும் நூற்பட்டியல் மென்பொருளில் பெயரை இரண்டு கட்டமாக உடைக்காமல் ஒரே கட்டத்தில் இடும் வசதி உண்டு. ராமச்சந்திரனா இராமச்சந்திரனா, அவிநாசியா அவினாசியா என்பதைப் பட்டியல் தொடங்கும் முன்பே முடிவுசெய்துகொண்டு, மற்ற வடிவத்துக்கு ‘காண்க’ என்று ஒரு வரி போட்டுவைப்பது நல்லது.