உங்களுக்குத் தெரியுமா? படகில் ரேடாரின் ஸ்தானம்

பூம்பாறைக்குச் செல்லும் மலைச்சாலை வளைவில் நின்று நோக்குவோருக்கு, குழந்தை வேலப்பர் கோயிலும் பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களும் தூரத்தில் துலக்கமாகத் தென்பட, தம் காலடிச் சரிவு மாத்திரம் மறைந்தே நிற்கும். உல்லாசப் படகில் ரேடாரை எங்கே பொருத்துவது என்னும் பிரச்னையின் சாரமும் அதுவே.

1863-ல் லெவிஞ்ஜ் துரை அமைத்த கொடைக்கானல் ஏரியின் துடுப்புப் படகுகளுக்கு இச்சாதனம் அநாவசியம். சமுத்திரத்தில் செல்லும் பாய்மரப் படகுக்கோ, மூடுபனியிலும் இருளிலும் அதுவே கண்.

நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் வைத்த ரேடாருக்கு அடிவானம் ஏறக்குறைய 4.4 கடல் மைல். அதை நான்கு மடங்கு உயர்த்தி 16 மீட்டரில் ஏற்றினாலும், தூரம் இரு மடங்காகி 8.8 கடல் மைலோடு நின்றுவிடுகிறது. புயலைத் தேடும் சென்னை டாப்ளர் ரேடார், துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் அமர்ந்திருப்பது நியாயமே. அதற்குத் தூரம் ஒன்றே இலக்கு. சிறு படகு ரேடாரின் கிரணமோ மேலும் கீழுமாகச் சுமார் 25 பாகையே விரிவதால், 4 மீட்டர் உயரத்தில் 18 மீட்டராக உள்ள குருட்டு வட்டம், 16 மீட்டர் உயரத்தில் 70 மீட்டரைத் தாண்டிவிடும். அதற்குள் மீனவரின் வள்ளம் ஒன்று வந்தால் திரையில் பெரும்பாலும் சுவடே இராது. உச்சியில் ஏறிய பாரம் படகின் ஆட்டத்தையும் மிகுவிக்கும்.

ஆகவே, பாய்மரத்தின் முதல் குறுக்குச் சட்டத்தருகிலோ, பின்புறக் கம்பத்திலோ, ஆட்களின் தலைக்கு மேலாக அமைப்பதே உசிதம். மரத்தின் முன்முகத்தில் வைத்தால் பின்புறம் சிறிது நிழல் விழும், சகித்துக்கொள்ளக்கூடியதே.