பழுப்பு மாத்திரை முடிந்த மறுநாள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் கருத்தடை அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். கருமுட்டை வெளிவராமல் தடுப்பவை 21 வெள்ளை மாத்திரைகள் மட்டுமே. மீதி 7 பழுப்பு மாத்திரைகள் இரும்புச்சத்துக்கானவை. பழுப்பில் ஒன்று விட்டுப்போனால் கருத்தரித்துவிடுமோ என்று பல பெண்கள் பதறுகிறார்கள்; பழுப்பு விட்டுப்போவதால் கேடில்லை. ஆனால் உதிரம் இன்னும் நிற்கவில்லையே என்று அடுத்த அட்டையை இரண்டு மூன்று நாள் தள்ளித் தொடங்குவதுதான் பெரிய ஆபத்து. வெள்ளை மாத்திரை இல்லாத இடைவெளி ஏழு நாளைத் தாண்டினால் சினைப்பை மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். உதிரம் நின்றாலும் நிற்காவிட்டாலும், கடைசிப் பழுப்பு மாத்திரைக்கு மறுநாளே புது அட்டை.

வெள்ளையில் ஒன்று மறந்தால், நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போட வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ மறந்தால் உடனே ஒன்று போட்டு, தினமும் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். அப்படி மறந்தது மூன்றாவது வாரத்தில் என்றால் பழுப்பை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டைக்குப் போகலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். வேறு முறைதான் நல்லது.

இன்னொரு குழப்பம். திருவிழா, கல்யாணத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன் கருத்தடை மாத்திரை ஆகாது. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. ஹார்மோன் இல்லாத 'சாயா' வேறு வகைக் கருத்தடை மாத்திரை: முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை.

உயர் ரத்த அழுத்தம், கண்முன் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு ரத்தம் உறைந்த வரலாறு, கைக்குழந்தைக்குப் பாலூட்டுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மாலா-என் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று பேச்சு குளறுவது வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள்.

இவை அனைத்தையும் அட்டையைக் கொடுக்கும்போதே விளக்கியிருக்க வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனத்தில் தகவல் பெறும் உரிமை இருக்கிறது. வயதுவந்த பெண் மாத்திரை வாங்கக் கணவர் சம்மதம் தேவையில்லை. கேட்டால் மறுத்துப் பேசுங்கள். சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம். பக்கவிளைவைப் பதிவுசெய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணே நேரடியாகப் புகார் சொல்லலாம்.