செவியும் வளரும்

நேற்று விரும்பிக் கேட்ட பாட்டு இன்று சுவைக்கவில்லையென்றால், நம் மனம் நிலையற்றதோ என்று நீங்கள் ஐயுறலாம். ஐயம் வேண்டா. உடல் வளர்வது போலச் செவியும் வளர்கின்றது. என் வாழ்க்கையையே சான்றாகக் கூறுகின்றேன்.

இளமையில் எனக்கு இலங்கை வானொலி ஒலிபரப்பிய திரைப்பாடல்களே இசையுலகம். 1967-இல் வெளிவந்த ‘இரு மலர்கள்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டொன்றை எப்போதும் முணுமுணுப்பேன். அது கரகரப்பிரியா இராகம், 22-ஆவது மேளம், என்று கல்லூரியில் நண்பர் ஒருவர் விளக்கினார். அதே இராகத்தில் தியாகராஜரின் கீர்த்தனையைக் கேட்டேன். சொல்லும் தாளமும் வேறு; சுரங்கள் நடக்கும் வழி ஒன்றே. திரைப்பாட்டே எனக்குக் கச்சேரி மண்டபத்தின் வாயிலாயிற்று.

உள்ளே நுழைந்ததும் வாயிலை இகழத் தொடங்கினேன். நாட்டுப்பாடல்களையோ இசையென்றே எண்ணவில்லை. நான் ஆசிரியனான புதிதில், பள்ளி ஆண்டு விழாவில் தெம்மாங்கு பாட விரும்பி வந்தான் ஒரு மாணவன். ‘இது மேடைக்கு உரியதன்று’ என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். பிறகு எந்த விழாவிலும் அவன் பாட முன்வரவில்லை.

1985-இல் ‘சிந்து பைரவி’ படம் வந்தது. அதில் இளையராஜா, நாட்டுப்பாடல் ஒன்றையும் தியாகராஜர் கீர்த்தனை ஒன்றையும் சாரமதி என்னும் ஒரே இராகத்தில் இணைத்திருந்தார். அக்கீர்த்தனை மரபாகக் காம்போதியில் பாடப்படுவது. எனினும் இரண்டும் உடன்பிறந்தவை போல ஒன்றின. அன்றே என் பிழை விளங்கிற்று. தாய்மாரின் தாலாட்டில் நீலாம்பரியும், பாம்பாட்டியின் மகுடியில் புன்னாகவராளியும் கேட்கின்றனவே! மக்கள் பாடியதையன்றோ பின்னர் இலக்கணம் வகுத்தது!

மறுஆண்டு இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தட்டு வெளிவந்தது. அதன் வழியே ஜெர்மானியரான பாக் (1685–1750) என்பவரின் இசைக்குச் சென்றேன். பல குரல்கள் ஒரே வேளையில் தனித்தனி வழியே ஓடியும் முரணாதிருக்கும் முறையை அங்கே கண்டேன்.

இன்று திரைப்பாட்டையும் மீண்டும் மகிழ்ந்து கேட்கின்றேன். சுவை மாறுவது குற்றமன்று. முந்தைய சுவையையும் பிறர் சுவையையும் இகழ்வதே குற்றம். நீங்கள் விரும்பும் பாட்டின் இராகத்தைக் கேட்டறியுங்கள்; உங்கள் பாட்டிமார் அறிந்த பாடல்களைப் பாடச் சொல்லுங்கள். அந்த மாணவன் பாட வந்தது எந்தப் பாட்டு என்றுகூட அன்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.