எஞ்சின் நின்ற பிறகு ஏறும் சூடு

மலைப்பாதையில் முழுப் பாரத்துடன் ஏறி வந்த ஒரு டீசல் வேன் சாலையோரக் கடை முன் நிற்கிறது. பயணிகள் இறங்கித் தேநீருக்கு விரைகிறார்கள். ஓட்டுநர் மட்டும் இறங்கவில்லை. வண்டியை நிறுத்தியவர் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகே சாவியைத் திருப்புகிறார். நின்றுவிட்ட வண்டியில் எதற்காக டீசலை வீணாக்குகிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்டால், "டர்போ ஆறட்டும், தம்பி" என்பார். அவர் சொல்வதில் விஞ்ஞானம் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு என்று பார்ப்போமா?

டர்போ என்பது டர்போசார்ஜர் என்னும் கருவியின் செல்லப் பெயர். எஞ்சினுக்குள் எரிபொருள் எரியக் காற்று வேண்டும். 1 கிலோகிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோகிராம் காற்று தேவை. ஆகவே அதே அளவுள்ள சிலிண்டரிலிருந்து அதிகச் சக்தி வேண்டுமானால், அதிகக் காற்றை அதனுள் திணிக்க வேண்டும். திணிக்க ஓர் அமுக்கி வேண்டும். அமுக்கியைச் சுழற்றவோ சக்தி வேண்டும். அதை எங்கிருந்து பெறுவது?

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி இதற்கு ஓர் அழகான வழி கண்டார். எரிபொருள் தரும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையோடு கலந்து வீணாக வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன? 1905-இல் அவர் இதற்குக் காப்புரிமை கோரினார். 1920களில் 'பிராய்சன்', 'ஹன்ஸஸ்டாட் டான்சிக்' என்னும் இரு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் இக்கருவி பொருத்தப்பட்டது. 1750 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 2500 தந்தது! கார்களுக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் ஆகிய கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. இன்றோ நம் சாலைகளில் ஓடும் டீசல் கார்களிலும் லாரிகளிலும் டர்போ இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் அது இடம்பிடித்துவிட்டது.

ஒரே அச்சு, இரண்டு சக்கரங்கள்

கருவியின் அமைப்பு எளிது. ஒரு சிறிய அச்சு. அதன் ஒரு முனையில் டர்பைன் சக்கரம், மறுமுனையில் அமுக்கிச் சக்கரம். புகை டர்பைனைத் தள்ளுகிறது, அச்சு சுழல்கிறது, மறுமுனைச் சக்கரம் காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் அழுத்துகிறது. அவ்வளவுதான். வியப்பூட்டுவது அதன் வேகம். கார் டர்போக்கள் நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுகள் சுழல்வது சர்வ சாதாரணம்.

இந்த எண்ணைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 1,50,000 என்றால் வினாடிக்கு 2500 சுற்றுகள். சக்கரத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 15.7 சென்டிமீட்டர். ஆகவே அதன் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய 390 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஒலியின் வேகமே வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான்! அந்த விளிம்பில் உள்ள 1 கிராம் உலோகத்தை வட்டப்பாதையில் பிடித்து வைத்திருக்க எவ்வளவு விசை வேண்டும்? உங்கள் பாடநூலில் உள்ள மையநோக்கு விசைச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 600 கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவுக்கும் மேல் வரும்.

இப்படிச் சுழலும் அச்சு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலான டர்போக்களில் குண்டு பேரிங் கிடையாது. அச்சைச் சுற்றி வழவழப்பான உலோக வளையங்கள் இருக்கும். வளையத்துக்கும் அச்சுக்கும் நடுவே தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளி. அதில் எஞ்சின் எண்ணெய் அழுத்தத்தோடு பாய்கிறது. அச்சு உலோகத்தைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது.

எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. பெட்ரோல் எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது டர்பைனுக்குள் நுழையும் புகை 900 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டும். டர்பைனைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்புக் கூடு, கொல்லன் உலையில் இட்ட இரும்புபோல் செக்கச்சிவந்து ஒளிர்வதும் உண்டு. டீசல் புகையின் சூடு இதைவிடச் சற்றுக் குறைவு. அந்த நெருப்புக்குச் சில சென்டிமீட்டர் தள்ளித்தான் நம் பேரிங் இருக்கிறது! இருந்தும் அது ஏன் வெந்து போகவில்லை? ஓடிவரும் எண்ணெய் நொடிதோறும் வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடுவதால்தான்.

சாவியைத் திருப்பியதும்

இப்போது ஓட்டுநர் அவசரக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக வந்து நின்றவுடன் சாவியைத் திருப்பிவிடுகிறார். எஞ்சின் நிற்கிறது. எஞ்சினால் இயங்கிய எண்ணெய்ப் பம்பும் அதே கணத்தில் நிற்கிறது. டர்போ அச்சு மட்டும் ஓடிய வேகத்தில் இன்னும் சில வினாடிகள் சுழல்கிறது, புது எண்ணெய் வராமலேயே.

அதைவிடப் பெரிய ஆபத்து அதன் பிறகு வருகிறது. அடுப்பை அணைத்ததும் எல்லாமே ஆறத் தொடங்கும் என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? டர்பைன் கூடு ஆறுகிறது, உண்மைதான். ஆனால் பேரிங்கின் சூடு ஏறுகிறது! வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும். வாரிக்கொண்டு போக எண்ணெய் ஓட்டம் இல்லாததால், செந்தழலாக இருக்கும் கூட்டிலிருந்தும் டர்பைன் சக்கரத்திலிருந்தும் வெப்பம் அச்சின் வழியே நடுப்பகுதிக்கு நடந்து வருகிறது. எஞ்சின் ஓடியபோது ஒருநாளும் எட்டாத சூட்டை, எஞ்சின் நின்று சில நிமிடங்கள் கழித்துப் பேரிங் எட்டுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். தடித்த இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெழுகு வைத்துக் குண்டூசிகளை ஒட்டுங்கள். கம்பியைத் தாங்கியில் படுக்க வைத்து ஒரு முனையைச் சாராய விளக்கில் காட்டுங்கள். முதல் ஊசி விழும், இரண்டாவதும் விழும். உடனே விளக்கை அகற்றிவிட்டுக் காத்திருங்கள். நெருப்பு போன பிறகும் அடுத்த ஊசி விழக்கூடும். சுடும் முனை தன் வெப்பத்தை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. டர்போவில் அந்த ஊசி இருக்கும் இடத்தில்தான் பேரிங் இருக்கிறது. கம்பி மெல்லியதாக இருந்தால் வெப்பத்தைக் காற்றிலேயே இழந்துவிடும்; ஆகவே தடித்ததாகப் பாருங்கள்.

பேரிங்கில் தேங்கி நிற்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய் என்ன ஆகும்? அடுப்பிலேயே மறந்துவிட்ட தாளிப்புக் கரண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் முதலில் பழுப்பாகி, பிசினாகி, கடைசியில் சுரண்டினாலும் வராத கறுப்புப் படிவாகிவிடும். டர்போவிலும் இதுவேதான். ஒருநாள் செய்தால் ஒன்றும் ஆகாது. நூறு நாள் செய்தால் கரி படிந்து எண்ணெய் வரும் துளை குறுகும். உதிர்ந்த கரித்துகள் உப்புத்தாள்போல் அச்சைத் தேய்க்கும். அச்சு ஆட்டம் காணும். எண்ணெய் கசிந்து புகைக்குழாயில் நீலப் புகை வரும். முற்றினால் சக்கரம் கூட்டில் உரசி உடையும். பழுதான டர்போவை மாற்றும் செலவு, வாடகைக்கு வண்டி ஓட்டுபவரின் பல நாள் வருமானத்தை விழுங்கிவிடும். நம் ஓட்டுநர் ஒரு நிமிடம் பொறுத்திருந்ததன் காரணம் புரிகிறதல்லவா?

புகையே ஆற்றும் விந்தை

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது சுவையானது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சும்மா ஓடவிட்டால் எஞ்சின் மிகக் குறைந்த எரிபொருளையே எரிக்கிறது. ஆகவே புகையின் சூடு சட்டென்று இறங்குகிறது. டீசலில் இந்த இறக்கம் மிக அதிகம். இப்போது புகையைவிடக் கூடுதான் சூடாக இருக்கிறது. இதுவரை இரும்பைச் சுட்ட அதே புகை, இப்போது இரும்பிலிருந்து வெப்பத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறது! எண்ணெயும் ஓடிக்கொண்டிருக்கிறது; அச்சின் வேகமும் தணிந்துவிடுகிறது.

அப்படியானால் பத்து நிமிடம் ஓடவிட்டால் இன்னும் நல்லதா? இல்லை. ஒரு பொருள் ஆறும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701-இலேயே எழுதினார். தொடக்கத்தில் வேறுபாடு பெரிது. ஆகவே முதல் நிமிடத்திலேயே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். மற்ற நிமிடங்கள் எரிபொருளுக்குத்தான் செலவு. பெரிய லாரி எஞ்சின்களில் இரும்பின் அளவு அதிகம் என்பதால், கடும் உழைப்புக்குப் பின் 3 முதல் 5 நிமிடம் வரை ஓடவிடச் சொல்லும் கையேடுகள் உண்டு. கார் என்றால், கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலே போதும். வீட்டு வாசலில் காத்திருக்கத் தேவையே இல்லை. கதவை மூடிய கார் கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதோ உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுத் தானே நிறுத்தும் நேரக்கருவி ஒன்றும் கடைகளில் விற்கப்படுகிறது. பூட்டிய காரில் ஆளில்லாமல் எஞ்சின் ஓடுவது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. பொறியாளர்கள் இதைவிட நல்ல வழி கண்டிருக்கிறார்கள்.

1970களின் டர்போ கார்கள் பலவற்றில் பேரிங்கை ஆற்ற எண்ணெயை விட்டால் வேறு துணை இல்லை. 1980களில் பேரிங் கூட்டைச் சுற்றித் தண்ணீர் அறை வைக்கும் முறை பரவியது. எஞ்சின் நின்றால் தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடுமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும்; குளிர்ந்த தண்ணீர் அதன் இடத்துக்கு இறங்கி வரும். குழாய்களைத் தக்கபடி அமைத்தால், பம்பே இல்லாமல் தண்ணீர் தானாகச் சுற்றும். மொட்டை மாடிச் சூரிய வெந்நீர்க் கலங்களில் நடப்பது இதுதான். ஃபோர்டு கம்பெனியின் புகழ்பெற்ற மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவை தண்ணீர்ப் பம்பு இல்லாமல் இந்த முறையை நம்பியே ஓடின. எண்ணெய்களும் முன்னேறிவிட்டன; செயற்கை எண்ணெய்கள் எளிதில் கரியாவதில்லை.

இந்த வசதிகள் உள்ள இன்றைய காரில் ஊருக்குள் மெதுவாக ஓடிவிட்டு வந்தவர், உடனே சாவியைத் திருப்பலாம். அங்கே காத்திருப்பது வெறும் பழக்கம். நெடுஞ்சாலையில் விரைந்து வந்து நேராகப் பெட்ரோல் பங்குக்குள் நுழைபவர், எரிபொருள் போட எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும். அவர் பங்குக்கு முன்பே வேகத்தைத் தணித்துக்கொள்வது நல்லது.

சில கார்களில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. எஞ்சின் நின்று, எல்லோரும் இறங்கிப் போன பிறகு, முன்மூடிக்கு அடியிலிருந்து சில நிமிடங்கள் மெல்லிய ரீங்காரம் வரும். எதையோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். பேட்டரியில் ஓடும் ஒரு சிறு பம்பு, டர்போவைச் சுற்றித் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருக்கிறது.